வாஷிங் மெஷின் வாங்க ஒன்பது வாரம் ஆன காரணம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகமாக இருக்கிறோம், கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, கரண்ட் நினைத்தபோது வருகிறது நினைத்தபோது போகிறது, அம்மாவின் வலது மணிக்கட்டு வீக்கம் வடிந்து மாத்திரை டப்பா மூடியைத் தானே திறக்கும் அளவுக்கு வந்துவிட்டது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் எங்களுக்கு எப்போதும் நினைப்பு. பேத்திக்கு முன்பல் விழுந்ததை போட்டோவில் பார்த்தோம், அந்தச் சந்து தெரியச் சிரிக்கும்போது அப்படியே என் அக்காவை உரித்து வைத்தது போல இருக்கிறாள், இதை மாப்பிள்ளையிடம் சொல்ல வேண்டாம், அவர் தங்கள் பக்கத்து ஜாடை என்று நினைத்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருக்கிறார். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் "குடுங்க இங்க" என்று உன் அம்மா வாங்கிக்கொள்கிறாள். போன வாரம் அவள் உன்னிடம், "ஒரு மெஷின் வாங்க உங்கப்பாவுக்கு ஒம்போது வாரம் ஆச்சு, அதுக்குள்ள ஒரு வீடு கட்டிக் குடி போயிருக்கலாம்" என்று சொன்னதும், நீ சிரித்ததும், நான் கூடத்தில் உட்கார்ந்திருந்த இடம் வரைக்கும் கேட்டது. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இதில் என் மேல் குற்றமும் இருக்கிறது, அதையும் மறைக்கவில்லை. முப்பத்துநான்கு வருடம் ஊரார் வீட்டு கரண்ட் மீட்டரைப் பார்த்துக் குறித்தவன் நான், உள்ளதைக் குறைத்து எழுதிப் பழக்கமில்லை.

அம்மாவுக்கு மணிக்கட்டு வீங்கியபோது டாக்டரம்மா என்ன சொன்னார் என்று உனக்குத் தெரியும். "ஆறு வாரத்துக்கு துணி பிழியக் கூடாது, வாளி தூக்கக் கூடாது, கைய சும்மா வைங்க" என்றார். அன்றைக்கே நீ போன் செய்து, "அப்பா, நல்ல ஃபைவ் ஸ்டார் மெஷினாப் பார்த்து உடனே வாங்கிடுங்க, ரொம்ப யோசிக்காதீங்க" என்றாய். யோசிக்காதே என்று என்னிடம் சொன்னால் அதைப் பற்றியும் நான் நாலு நாள் யோசிப்பேன் என்பது உனக்குத் தெரிய வேண்டாமா. கரண்ட் விஷயத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பொருளை வாங்கி வர என்னால் முடியாது மகளே. கண்ட பொருளையும் வாங்கி மாட்டிவிட்டு, அடுத்த மாதம் மீட்டர் பொய் சொல்கிறது என்று என் சட்டையைப் பிடித்தவர்கள் எத்தனை பேர். அதனால் ஒரு நூறு பக்க நோட்டு வாங்கி, கட்டம் போட்டு, முறையாக ஆரம்பித்தேன். டவுனில் உள்ள பெரிய கடைக்குப் போனால் கழுத்தில் டை கட்டிய விற்பனையாளர் ஒருவர் வந்து, "சார், இது அஞ்சு ஸ்டார், கண்ண மூடிட்டு எடுத்துக்கலாம்" என்றார். நான் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே, "எத்தனை கிலோ துணிக்கு எத்தனை யூனிட், சுடுதண்ணியிலயா பச்சத் தண்ணியிலயா, ஒரு தடவைக்கு எத்தனை லிட்டர்" என்று கேட்டேன். தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று உள்ளே போனவர் வரவில்லை. அடுத்த முறை நான் படியேறும்போதே ஃப்ரிட்ஜ் வரிசைக்குப் பின்னால் அவருடைய டை மட்டும் தெரிந்தது.

ஆனாலும் விடாமல் கேட்டுக் கேட்டுச் சில விஷயங்களைத் தெரிந்துகொண்டேன், உனக்கும் உபயோகப்படும். முன்பக்கம் கதவு வைத்த மெஷின் தண்ணீரை மிச்சம் பிடிக்கிறது, ஆனால் உள்ளே ஹீட்டர் இருக்கிறது, அதைப் போட்டால் துவைப்பதை விடச் சூடாக்கத்தான் கரண்ட் போகும். மேலே மூடி திறக்கிற மெஷினுக்குத் தண்ணீர் அதிகம் வேண்டும். தண்ணீர்தானே என்று டவுன்காரர்கள் சொல்லலாம், நமக்கு ஒவ்வொரு வாளியும் மோட்டார் போட்டுத்தான் தொட்டிக்கு ஏறுகிறது, ஆக நம் வீட்டில் தண்ணீரும் கரண்ட்தான், இதற்கு எந்தக் கம்பெனிக்காரனும் ஸ்டார் ஒட்டவில்லை. அது போக, சாயங்காலம் வயல் மோட்டார்கள் எல்லாம் ஓட ஆரம்பித்தால் நம் தெருவில் பல்பு பழுத்துப் போய் நிற்கும், அந்த வோல்டேஜில் எந்த மெஷின் ஓடும் என்று பார்க்க வேண்டும். தொட்டி உயரம் போதாததால் குழாயில் தண்ணீர் வரும் வேகமும் குறைவு. அதை அளக்க ஒரு வாளியையும் கைக்கடிகாரத்தையும் எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன், அரை மணி நேரம் கழித்து நோட்டோடு வெளியே வந்தபோது அம்மா என் தலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "குளிக்கப் போனவர் காஞ்சு போய் வர்றத இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்றாள். டாக்டரம்மாவிடம் வேலை பார்க்கும் கம்பவுண்டரின் கதையைக் கேட்ட பிறகு என் ஆராய்ச்சி இன்னும் நீண்டது. அவர் வீட்டில் முன்பக்கக் கதவு மெஷின், பாதி துவைக்கும்போது கரண்ட் போய்விட்டது, கதவு பூட்டிக்கொண்டது, உள்ளே அவருடைய பேன்ட் நாலும் கண்ணாடி வழியாக அவரைப் பார்த்துக்கொண்டிருந்ததாம். அன்று முழுக்க மச்சினன் பேன்ட்டை இடுப்பில் பிடித்துக்கொண்டே ஊசி போட்டார், ஒரு கையால் ஊசி போடுவது எவ்வளவு கஷ்டம் என்று என்னிடம் விலாவாரியாகச் சொன்னார்.

சரி, இதெல்லாம் நடக்கும்போது வீட்டுத் துணியை யார் துவைத்தது என்று நீ கேட்பாய். நான்தான். அம்மாவின் கைக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்பது ஒரு காரணம், வாரத்துக்கு எத்தனை கிலோ துணி சேருகிறது என்று தெரியாமல் எந்த அளவு மெஷின் வாங்குவது என்பது இன்னொரு காரணம். பழைய பேப்பர் கடைக்காரரிடம் தொங்கு தராசை இரவல் வாங்கி வந்து கொல்லையில் மாட்டினேன். போகிற வருகிறவர்கள் எல்லாம் வீட்டைக் காலி செய்கிறீர்களா என்று கேட்டார்கள். துணியைப் பிரித்துப் பிரித்து நிறுத்ததில் ஒரு உண்மை வெளியே வந்தது, வாரத்துக்குப் பதினோரு கிலோ துணி, அதில் ஏழு கிலோ என்னுடையது. தோட்டத்துக்கு ஒரு சட்டை, கடைத்தெருவுக்கு ஒரு சட்டை, சாயங்காலம் லைப்ரரிக்கு ஒரு சட்டை என்று மாற்றிக்கொண்டிருந்தது அது வரை எனக்கே உறைக்கவில்லை. அம்மா தராசு முள்ளைப் பார்த்துவிட்டு, "மெஷினுக்கு எத்தனை ஸ்டார்னு ஊரெல்லாம் கேக்கறீங்களே, உங்களுக்கு எத்தனை ஒட்டலாம்னு யாரையாவது கேட்டீங்களா" என்றாள். அன்றிலிருந்து லைப்ரரிக்குக் கடைத்தெருச் சட்டையிலேயே போகிறேன். துவைப்பது ஒன்றும் பெரிய வித்தையில்லை என்றுதான் நினைத்தேன். ஈரமான படுக்கை விரிப்பு ஒன்றைத் தூக்கிய பிறகுதான் தெரிந்தது, கன்றுக்குட்டியைக் குளத்திலிருந்து தூக்குவது போல இருக்கிறது, பிடிக்கும் இடத்தை விட்டு மற்ற இடமெல்லாம் கீழே போகிறது. இருந்தாலும் நாள் தவறாமல் துவைத்தேன், நோட்டில் 'துணிகளின் சுத்தம்: மிக நன்று' என்று தினமும் குறித்தேன். சில நாள் கழித்து மடித்து வைத்திருக்கும் சட்டைகளைப் பார்த்தால் காலர் பளிச்சென்று இருக்கும், அம்மாவிடம் காட்டி, "இத்தனை வருஷம் நீ கஷ்டப்பட்டு அடிச்சுத் துவைச்சது தேவையே இல்ல, பக்குவமா ஊற வச்சா போதும்" என்று புத்தி வேறு சொன்னேன். அவள் சட்டையை வாங்கி அலமாரியில் வைத்தாள்.

இப்போது என் குற்றத்துக்கு வருகிறேன். மெஷின் வருவதற்கு முன்னால் வீட்டுக்கு எத்தனை யூனிட், வந்த பிறகு எத்தனை யூனிட் என்று ஒப்பிட வேண்டும் என்பதற்காகக் காலை ஏழு மணிக்கும் சாயங்காலம் ஏழு மணிக்கும் மீட்டரைக் குறித்து வந்தேன். நாலாவது வாரம் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. நான் வீட்டில் இருக்கும் நாளில் பகலில் ஓடுவதை விட, டவுனுக்குக் கடை பார்க்கப் போகும் நாளில் கால் யூனிட் அதிகம் ஓடியிருந்தது. ஒரு நாள் என்றால் விட்டுவிடலாம், ஐந்து தடவையும் அப்படி. ஆள் இல்லாத வீட்டில் கரண்ட் குறைய வேண்டுமே தவிரக் கூடலாமா. ஃப்ரிட்ஜ் கதவு சரியாக மூடவில்லையோ என்று ரப்பரை இழுத்துப் பார்த்தேன், ஒழுங்காகத்தான் இருந்தது. பிறகு, சொல்லவே கூச்சமாக இருக்கிறது, பக்கத்து வீட்டுத் தையல்காரர் மேல் சந்தேகம் வந்தது. பகல் முழுக்க அயர்ன் பெட்டி போடுகிறவர், சுவரும் ஒட்டுச் சுவர். ஏணி போட்டு ஏறி ஒயரை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை தடவிப் பார்த்தேன். அவர் கத்திரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டே கீழே நின்று அண்ணாந்து பார்த்து, "ரிட்டயர் ஆனாலும் கை அரிக்குதா சார், வேணும்னா எங்க வீட்டு மீட்டரையும் பாத்துட்டுப் போங்க" என்றார். நல்ல மனுஷர், ஏணியையும் பிடித்துக்கொண்டார்.

ஒயரில் ஒன்றும் கிடைக்காமல் இன்னும் சில வாரம் குறித்துப் பார்த்தேன், எட்டாவது வாரம், வேலையில் இருந்தபோது கரண்ட் திருடுகிறவர்களைப் பிடிக்க நாங்கள் செய்கிற உபாயத்தைக் கையில் எடுத்தேன். காலையில் டவுனுக்குப் போகிறேன், சாப்பாட்டுக்கு வர மாட்டேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, வாசலில் இருந்து பார்த்தால் தெரியும்படி பஸ்ஸில் ஏறி, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, வாய்க்கால் கரை வழியாக நடந்து கொல்லைப் பக்கம் வந்தேன். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். முந்தைய நாள் நான் துவைத்துக் காயப்போட்ட படுக்கை விரிப்பை மறுபடியும் நனைத்துச் சோப்புப் போட்டு அலசி, அதன் ஒரு முனையை மோட்டார் ரூம் தூணில் கட்டிவிட்டு, மறு முனையை இடது கையால் முறுக்கிக்கொண்டிருந்தாள். வலது கையைத் துண்டால் சுற்றி வயிற்றோடு வைத்து அழுத்தியிருந்தாள், முறுக்கு கையில் நிற்காமல் நழுவும்போதெல்லாம் அந்தக் கையையும் எடுத்துக் கொடுத்தாள், கொடுக்கும்போது உதட்டைக் கடித்துக்கொண்டாள். கல்லின் மேல் என் சட்டைகள் மூன்று, காலர் தேய்த்து வரிசையாக இருந்தன. யாரையாவது பிடித்தால் எப்போதும், "கையும் களவுமா மாட்டிக்கிட்டீங்க, ஒண்ணும் பேச வேணாம், கையெழுத்துப் போடுங்க" என்று சொல்வேன், எத்தனையோ வீட்டு வாசலில் சொன்ன வார்த்தை, அன்றைக்கு அதைச் சொல்லாமல் கல்லின் மேல் இருந்த சட்டைகளை எண்ணிக்கொண்டு நின்றேன். அவள்தான் திரும்பிப் பார்த்து, "என்னங்க, பஸ்ஸ விட்டுட்டீங்களா" என்று கேட்டாள்.

எத்தனை நாளாக நடக்கிறது இது என்று கேட்டேன். முதலில் இன்றைக்குத்தான் என்றாள், மீட்டர் கணக்கைச் சொன்னதும் ஒப்புக்கொண்டாள். "நீங்க துவைக்கிறது துவைக்கிறதில்ல, நனைக்கிறது. காலர்ல அழுக்கு அப்படியே இருக்கு. இவ்வளவு ஆசையா பண்றீங்க, எப்படிச் சொல்றதுன்னு விட்டுட்டேன். நீங்க பஸ் ஏறினா எனக்குக் கொஞ்ச நேரம் கிடைக்கும்" என்றாள். நோட்டைத் திறந்து பார்த்தேன், டவுனுக்கு அதுவரை பதினோரு தடவை போயிருக்கிறேன். அவள் கைக்காக என்று சொல்லிக்கொண்டு நான் போன ஒவ்வொரு தடவையும் அந்தக் கையைத்தான் பிழிந்திருக்கிறேன். ஆறு வாரத்தில் வடிய வேண்டிய வீக்கம் எட்டாவது வாரமும் ஏன் அப்படியே இருந்தது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. மெஷினைப் பற்றி ஊரில் ஒருவர் பாக்கியில்லாமல் கேட்டேன், கை எப்படியிருக்கிறது என்று வாயைத் திறந்து அவளைக் கேட்கவில்லை. கோபமாகத்தான் பேச நினைத்தேன், "என்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல" என்று ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டு, விரிப்பின் இன்னொரு முனையைத் தூணிலிருந்து அவிழ்த்து நான் பிடித்துக்கொண்டேன். "வலது பக்கமா முறுக்குங்க, அந்த வலது இல்ல, உங்க வலது" என்று அவள் சொல்லச் சொல்ல அதைப் பிழிந்து முடித்தோம், என் முழங்கால் வரைக்கும் தண்ணீர்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் இருவரும் போனோம். டை கட்டியவர் என்னைப் பார்த்ததும் ஃப்ரிட்ஜ் பக்கம் நடந்தார், பின்னால் அம்மாவைப் பார்த்ததும் திரும்பி வந்தார். எட்டு வார ஆராய்ச்சியின் முடிவாக என் நோட்டில் நான் தேர்ந்தெடுத்து வைத்திருந்தது இரண்டு தொட்டி வைத்த செமி ஆட்டோமேட்டிக். கரண்ட் மிகக் குறைவு, குழாயில் தண்ணீர் மெதுவாக வந்தாலும் பரவாயில்லை, ஒரு தண்ணீரில் இரண்டு தடவை துவைக்கலாம், கரண்ட் போனால் மூடியைத் திறந்து துணியை எடுத்துவிடலாம். இதையெல்லாம் நான் குறித்து வைத்திருந்த நாற்பத்தொரு பக்கத்தையும் புரட்டிப் புரட்டி எடுத்துச் சொன்னேன், விற்பனையாளர்கூடத் தலையாட்டினார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அம்மா அவரிடம், "இந்தத் தொட்டில துவைச்ச துணிய எடுத்து அந்தத் தொட்டில யாருங்க போடறது" என்று கேட்டாள். "நீங்கதாம்மா போடணும்" என்றார். "ஈரத்தோடவா" என்றாள். "ஆமாம்மா, அது சுத்தித்தான் புழியும்" என்றார். அம்மா கட்டுப் போட்ட மணிக்கட்டைத் தூக்கி அவருக்குக் காட்டினாள். அவர் என்னைப் பார்த்தார். நான் நோட்டைப் பார்த்தேன். லிட்டருக்குக் கட்டம் இருந்தது, யூனிட்டுக்கு இருந்தது, வோல்டேஜுக்கு இருந்தது, கைக்குக் கட்டம் இல்லை.

அதற்குப் பிறகு அம்மாதான் பார்த்தாள், நான் பையைப் பிடித்துக்கொண்டேன். கைக்குட்டையை எடுத்து ஒவ்வொரு மெஷினுக்குள்ளும் போட்டாள், பிறகு கையை விட்டு அதை எடுத்துப் பார்த்தாள். மூன்று மெஷினில் எக்கி நின்றும் அடி எட்டவில்லை, ஒன்றில் விற்பனையாளரே தலைகீழாகக் குனிந்து கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தார். நாலாவதில் நிமிர்ந்தபடியே கைக்கு வந்தது. "இது போதும், இப்ப நீங்க உங்க கேள்விய கேளுங்க" என்று என்னிடம் சொன்னாள். கேட்டேன். தானே துவைத்துத் தானே பிழிந்துவிடும், மேலே மூடி, ஹீட்டர் கிடையாது, குறைந்த வேகத்தில் தண்ணீர் வந்தாலும் எடுத்துக்கொள்ளும், கரண்ட் போய் வந்தால் விட்ட இடத்திலிருந்து ஓடும், எங்கள் இருவருக்கும் தோதான அளவு, உன் வாக்கும் பொய்க்கவில்லை, ஐந்து ஸ்டார். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. வரும் வழியில் பஸ்ஸில் அம்மா எனக்கு ஜன்னல் ஓரம் கொடுத்தாள், பரிதாபப்பட்டுத்தான் கொடுத்தாள் என்று நினைக்கிறேன்.

மெஷின் வந்து இறங்கிய அன்று தெருவே கூடியது. கொல்லைத் தரை சமமாக இல்லாததால் முதல் தடவை ஓடும்போது அது தானாகவே நடந்து கதவு வரை வந்துவிட்டது, தையல்காரர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடித்துக்கொண்டு நின்றோம், பிறகு பிளம்பர் வந்து காலைத் திருகி மட்டம் பார்த்து உட்கார வைத்தார். அம்மா முதல் நாள் மூடி மேல் கையை வைத்துக்கொண்டு கடைசி வரை அங்கேயே நின்றாள், போய் உட்காரேன் என்றால், "புதுசா வந்திருக்கு, தனியா விட்டா நல்லாவா இருக்கும்" என்றாள். துணியை எடுத்துக் காலரைத் திருப்பிப் பார்த்தாள், என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஒரு தடவைக்கு மோட்டாரையும் சேர்த்துக் கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே வருகிறது. ஒரே துணியை நான் ஒரு தடவையும் அவள் ஒரு தடவையும் துவைத்த வாரங்களை விட இப்போது தண்ணீரும் மிச்சம், கரண்டும் மிச்சம். காயப்போடுவது மட்டும் என் வேலை, கொடிக்கு எட்டும்படி கை தூக்கக் கூடாது என்று டாக்டரம்மா சொன்னதாகச் சொல்லி நானே வாங்கிக்கொண்டேன், அவர் அப்படிச் சொல்லவில்லை.

இன்னொன்றையும் சொல்லி முடிக்கிறேன், இதை அம்மா உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள். மெஷின் வந்து நாலாவது நாள், காலை பத்தரை மணி இருக்கும், நான் தோட்டத்திலிருந்து உள்ளே வந்தால் கொல்லையில் மெஷின் ஓடுகிற சத்தத்தைத் தவிர வீட்டில் வேறு சத்தமே இல்லை. அம்மா கூடத்தில் பாய் மேல் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கூப்பிட்டேன், எழுந்திருக்கவில்லை. கலியாணமாகி முப்பத்தெட்டு வருடத்தில் வெளிச்சம் இருக்கும்போது அவள் கண்ணை மூடி நான் பார்த்ததில்லை மகளே, காய்ச்சலில்கூட உட்கார்ந்தபடியேதான் இருப்பாள். செருப்புகூடப் போடாமல் ஓடிப்போய் கம்பவுண்டரைக் கூட்டி வந்தேன், அவர் பெட்டியோடு ஓடி வந்து பக்கத்தில் உட்கார்ந்து நாடியைப் பார்த்தார், மூச்சைப் பார்த்தார், பிறகு என்னை வெளியே கூட்டிப் போய் மெதுவாக, "சார், தூங்கறாங்க" என்றார். என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். "மருந்தெல்லாம் ஒண்ணும் இல்ல, எழுப்பாம இருந்தாப் போதும்" என்று சொல்லிவிட்டு, வாசலில் வைத்துச் சிரித்தது எனக்குக் கேட்டது. அதற்குள் மெஷின் முடிகிற நேரம் வந்துவிட்டது. முடிந்தால் அது பாட்டுப் போட்டு ஊரைக் கூட்டும், எந்தப் பட்டனை அழுத்தினால் நிற்கும் என்று எனக்குத் தெரியாது, நாற்பத்தொரு பக்கத்தில் அதையும் குறிக்கவில்லை. பக்கத்திலேயே நின்று, கடைசி நிமிஷம் காட்டியதும் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். மூடியைச் சத்தமில்லாமல் திறந்து துணியை எடுத்துக் கொடியில் போட்டேன். அவள் பதினொன்றரைக்கு எழுந்து, யார் வீட்டிலோ இருக்கிறது போலச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு நேரம் எழுப்பாம என்ன பண்ணீங்க" என்று என்னைத் திட்டினாள். மறுநாளும் தூங்கினாள். இப்போது தினமும் தூங்குகிறாள், கைக்கும் அதுதான் வைத்தியம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார், இது நிஜமாகவே அவர் சொன்னது.

உன் வீட்டு மெஷினில் ஹீட்டரை அணைத்து வை, இரண்டு சட்டைக்காக அதை ஓட்டாதே, சேர்த்து நிறையப் போடு, மாப்பிள்ளை ஒரு நாளைக்கு எத்தனை சட்டை மாற்றுகிறார் என்று எண்ணிப் பார், எண்ணியதை அவரிடம் சொல்லும்போது என் பெயரை இழுக்காதே. பேத்தியின் புதுப் பல் முளைத்ததும் போட்டோ அனுப்பு. வேலை வேலை என்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே, உனக்கும் கை இரண்டுதான். நீங்கள் மூவரும் நோய் நொடியில்லாமல், மனசு நிறைந்து, நீண்ட நாள் நன்றாக இருக்க எங்கள் இருவரின் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. முக்கியமான விஷயம் ஒன்று, அங்கே உனக்கு அப்போது மணி எத்தனையோ எனக்குத் தெரியாது, இங்கே காலை பத்திலிருந்து பதினொன்றரை வரைக்கும் தயவுசெய்து போன் செய்யாதே, அம்மா தூங்குகிறாள்.

என்றும் உன் நலம் கோரும்,
அப்பா